பழைய எஞ்சின் சாமான்: சந்தையில் பார்த்து, அளந்து, வாங்கும் முறை

புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100, சேடக் என்று ஏதாவது பழைய வண்டியைக் கிளப்ப நினைப்பவர், சந்தைக்குக் கிளம்புமுன் ஒரு தாளில் இரண்டு பட்டியல் போட்டுக்கொள்ள வேண்டும். பழசாகவே வாங்க வேண்டியவை ஒன்று. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பழசில் தொடக்கூடாதவை இன்னொன்று. இது இல்லாமல் போகிறவர் ஒரு சாக்கு நிறைய இரும்போடு வீடு திரும்பி, அதில் பாதியை அடுத்த வாரம் எடைக்குப் போடுவார்.

பழசாக வாங்க வேண்டியது வார்ப்பும், கடினமாக்கிய எஃகும். கிராங்க் கேஸ், பேரல் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்), ஹெட், கார்புரேட்டர் பாடி, மேக்னட் வீல், கியர், கிக் ஷாஃப்ட் இதில் சேரும். கம்பெனி வார்ப்பு பல வருஷம் சூடேறி ஆறிய உருப்படி. கோணல் வருவதாக இருந்தால் அப்போதே வந்திருக்கும், இன்று அளந்தால் தெரிந்துவிடும். புதிதாக வரும் டூப்ளிகேட் வார்ப்பில் ஊசித்துளை இருந்தால் அது ஆயில் ஊற்றி ஓட்டிய பிறகுதான் தெரியும். டூப்ளிகேட் கியரில் மேல்தோல் மட்டும் கடினமாக இருக்கும். அது உரிந்துவிட்டால் உள்ளே பச்சை இரும்பு. மைசூரில் யெஸ்டி செய்த ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பும் அதே 1996-ல் நின்றது. இவற்றுக்குப் ‘புது ஒரிஜினல்’ கிராங்க் கேஸ் என்று யாராவது காட்டினால், அதற்குச் சொல்லும் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், காசை எடுக்காதீர்கள்.

பழசில் வாங்கவே கூடாதவை: ஆயில் சீல், ஓ-ரிங், கேஸ்கட், கார்க், செயின், கண்டென்சர், பிஸ்டன் ரிங், பேரிங். கவர் பிரிக்காத பழைய ஸ்டாக் என்றாலும் ரப்பர் ரப்பர்தான். முப்பது வருஷம் அட்டைப்பெட்டியில் கிடந்த சீல், உதட்டை விரலால் மடக்கினால் வெடிக்கும். பேரிங்கைத் தேடி அலைவது வீண் வேலை. அதன் பக்கவாட்டில் பொறித்த எண்தான் அளவு: 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ.; 6204 என்றால் 20, 47, 14; 6305 என்றால் 25, 62, 17. வண்டி எந்தக் காலத்ததாக இருந்தாலும் எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் புதிதாகவே கிடைக்கும். மட்கார்டு, விளக்கு, பேட்ஜ் போன்றவை எஞ்சின் கணக்கில் வராது. அவற்றின் விலையை ஆசைதான் முடிவு செய்கிறது.

எங்கே தேடுவது

மதுரைக்குள் என்றால் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கைக்கருவி, பழைய மோட்டார், வண்டிச் சாமான் எல்லாம் தரையில் தார்ப்பாய் விரித்துக் கிடக்கும். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். நல்ல சாமானை முதலில் எடுப்பவர்கள் மெக்கானிக்குகளும் மற்ற வியாபாரிகளும்தான். அவர்கள் கடந்த பிறகு எஞ்சுவதில் பொறுக்க நேரும். இரண்டாவது இடம் பழைய இரும்புக் கடைகள். அங்கே சாமான் வண்டி வண்டியாக வரும், உடைபடும், போய்விடும்; ஒரே நாளில் போய் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. உங்களுக்கு எது வேண்டும் என்று கடைக்காரருக்கு ஒரு பழைய உருப்படியைக் கையில் காட்டிச் சொல்லி வைப்பதுதான் வழி. பெயரைச் சொன்னால் நினைவில் நிற்காது, வடிவத்தைப் பார்த்தால் நிற்கும்.

மூன்றாவது இடத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: ரீபோர் போடும், அதாவது தேய்ந்த பேரலின் உள்சுவரைப் பெரிதாகக் கடையும் லேத் பட்டறை. சைஸ் முடிந்த பேரல், அளவு ஒத்துவராமல் விட்டுப்போன பிஸ்டன், வாடிக்கையாளர் திரும்ப வந்து எடுக்காத கிராங்க் எல்லாம் அங்கே ஒரு மூலையில் கிடக்கும். பட்டறைக்காரர் அளவு தெரிந்தவர் என்பதால் அங்கே ஏமாற்றுவதும் குறைவு, பேரமும் குறைவு.

கையில் கொண்டுபோக வேண்டியவை

0.02 மி.மீ. காட்டும் 150 மி.மீ. வெர்னியர், ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்ச், சின்னக் காந்தம், கம்பி பிரஷ், கந்தல் துணி, சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய் அல்லது டீசல், ஒரு பொட்டலம் விபூதி, விளிம்பு தேய்த்த கெட்டிக் கண்ணாடித் துண்டு ஒன்று (உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக), மல்டிமீட்டர், ஒரு புது ஸ்பார்க் பிளக். இவற்றோடு உங்கள் வண்டியில் கெட்டுப்போன பழைய பாகம். அது எவ்வளவு கெட்டிருந்தாலும் கொண்டுபோங்கள். துளை இடைவெளியும் பல் எண்ணிக்கையும் அதில்தான் இருக்கிறது.

ஒரு சின்ன நோட்டில் ஸ்டாண்டர்டு அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள். வார்ப்பிரும்பு புல்லட் 350-க்கு போர் (பேரலின் உள்விட்டம்) 70, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. ஜாவா 250, யெஸ்டி 250 இரண்டுக்கும் 65, 75. ஆர்எக்ஸ் 100-க்கு 50, 50. ராஜ்தூத் 350-க்கு 64, 54. பழைய டூ-ஸ்ட்ரோக் சேடக்குக்கு 57, 57. சந்தையில் பேரலைக் காட்டி “இது எந்த வண்டிக்கு?” என்று கேட்டால், உங்கள் வண்டிக்குத்தான் என்று பதில் வரும். கேட்காமல் அளந்தால் உண்மை வரும்.

பேரல்: ஏமாறும் இடம் விளிம்புதான்

வெர்னியரின் உள்தாடையை புல்லட் பேரல் வாயில் வைத்து 70.02 என்று பார்த்துவிட்டு, ‘ஸ்டாண்டர்டு சைஸ், தேயவே இல்லை’ என்று வாங்குவோர் ஏராளம். வாயிலிருந்து சில மி.மீ. ஆழம் வரை ரிங் வருவதே இல்லை. அந்த வளையம் எப்போதும் தேயாது. அதற்குச் சற்றுக் கீழே, டாப் ரிங் மேலே போய்த் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம்; அங்கே சூடு அதிகம், ஆயில் குறைவு, ரிங் ஒரு கணம் நின்று திரும்புகிறது.

ஆகவே முதலில் நகத்தை உள்சுவரில் கீழிருந்து மேலாக இழுங்கள். வாய்க்கு அருகே படி தட்டி நகம் நின்றால் அந்தப் படிதான் தேய்மானம். பிறகு மூன்று இடத்தில் அளவெடுங்கள்: பேரலின் அடிவிளிம்பில், மேல்வாயில், வெர்னியர் தாடையை முடிந்த அளவு இறக்கிப் படிக்குக் கீழே. ஒவ்வோரிடத்திலும் இரண்டு திசை, அதாவது வண்டியின் முன்-பின்னாக ஒன்று, இடம்-வலமாக ஒன்று. முன்-பின் திசையில்தான் பிஸ்டன் சுவரை அழுத்துகிறது, அதில் எண் கூடுதலாக வரும். அடியில் 70.00, படிக்குக் கீழே 70.20 என்றால் அந்தப் பேரல் ரீபோருக்குத்தான். வெர்னியர் இங்கே சுமாரான கருவி. நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டரை அது உறுதியாகச் சொல்லாது. ஆனால் சந்தையில் தள்ளுவதா எடுப்பதா என்று முடிவு செய்ய அது போதும். சரியான அளவை லேத்தில் போர் கேஜ் சொல்லும்.

அடுத்த கேள்வி, இன்னும் எத்தனை சைஸ் மிச்சம்? பிஸ்டன் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸில் வரும். லேத்காரர் கணக்கில் 0.50 என்பது இருபது தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 1.00 என்பது நாற்பது தவ். அடிவிளிம்பு அளவு 70.50 என்று வந்தால் இரண்டு சைஸ் ஏற்கெனவே போய்விட்டது. 71.00 என்றால் லைனர் (பேரலுக்குள் செருகும் புதுக் குழல்) போடுவதைத் தவிர வழி இல்லை. விலையில் லைனர் கூலியைக் கழித்துக் கேளுங்கள். பேரலோடு பிஸ்டன் சேர்ந்து வந்தால் அதன் தலையைக் கம்பி பிரஷால் தேய்த்துப் பாருங்கள். கரிக்கு அடியில் 0.50 என்றோ 020 என்றோ பொறித்திருக்கும். பிஸ்டன் தலையில் ஒரு சைஸும் பேரலில் வேறொரு சைஸும் இருந்தால், இரண்டு வண்டியின் எச்சத்தை ஒன்றாகச் செருகி வைத்திருக்கிறார்கள்.

டூ-ஸ்ட்ரோக் பேரலில் போர்ட் வாய்களையும் பார்க்க வேண்டும். சைலன்சரை அதிகம் சத்தம் போட வைப்பதற்காக எக்சாஸ்ட் போர்ட்டை அரத்தால் அகட்டிய ஆர்எக்ஸ் பேரல்கள் சந்தையில் நிறைய. போர்ட்டின் மேல்விளிம்பு வளைவாக இல்லாமல் கோணலாக இருந்தால், அரக்கீறல் தெரிந்தால், தள்ளிவையுங்கள். அகட்டிய போர்ட்டில் ரிங் முனை சிக்கி உடையும். உடைந்த துண்டு பிஸ்டனைக் கிழிக்கும். குளிரூட்டும் இறகு ஒன்றிரண்டு உடைந்திருப்பது பெரிய குறை அல்ல, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

எந்த ஓவர்சைஸ் என்றாலும் புதுப் பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேரலை லேத்துக்கு அனுப்ப வேண்டும். பிஸ்டனுக்கு ஏற்றபடிதான் போர் போடுவார்கள். போரை முடித்துவிட்டுப் பிஸ்டன் தேடினால், கம்பெனிக்குக் கம்பெனி சில தவ் மாறி, ஒன்று பிடித்துக்கொள்ளும், இல்லை தட்டும்.

விரிசலை விபூதி காட்டும்

வார்ப்பிரும்புப் பேரலை ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள். ஓசை நீண்டு ஒலித்தால் நல்லது. ‘டொக்’ என்று அடங்கினால் விரிசலாக இருக்கலாம். துருவும் மண்ணும் ஒட்டியிருந்தாலும் ஓசை அடங்கும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சந்தேகப்பட்ட இடத்தை கம்பி பிரஷால் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவி, சில நிமிஷம் விட்டுத் துணியால் நன்றாகத் துடையுங்கள். மேலே விபூதியை மெல்லிசாகத் தூவி, அடிப்புறத்தில் தட்டுங்கள். விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் முடி மாதிரிக் கறுப்புக் கோடு போடும். சாக்பீஸ் பொடியும் இந்த வேலையைச் செய்யும்.

தூவ வேண்டிய இடங்கள்: ஹெட்டில் பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவே, கிராங்க் கேஸில் எஞ்சின் போல்ட் காதுகள், ஆயில் டிரெய்ன் போல்ட்டைச் சுற்றி, முன் ஸ்பிராக்கெட் இருக்கும் குழியின் பின்சுவர். கடைசியாகச் சொன்ன இடத்தில் அறுந்த செயின் சுருண்டு அடித்து உடைத்திருக்கும். உள்ளே பூசி மறைத்திருப்பார்கள். அலுமினிய கேஸில் காது உடைந்ததை ஆர்கான் வெல்டிங்கில் சரிசெய்யலாம். விரிசல் பேரிங் உட்காரும் வட்டத்துக்குள் ஓடினால் அந்தக் கேஸ் வேண்டாம். வெல்டிங் சூட்டில் வட்டம் கோணிவிடும்.

கிராங்க் கேஸை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். இரண்டு பாதியையும் சேர்த்து முறுக்கிய பிறகே பேரல் உட்காரும் மேல்பரப்பைக் கம்பெனியில் கடைந்திருப்பார்கள். இரண்டையும் மூடிப் பிடித்து, மேல்பரப்பில் இணைப்பின் குறுக்கே விரல்நுனியை ஓட்டுங்கள். படி தட்டினால் ஜோடி மாறியது. அதில் கிராங்க் சுற்றினாலும் இறுக்கமாகவே சுற்றும், பேரல் அடியில் ஆயில் கசிவு நிற்காது. பேரிங் வட்டத்துக்குள் டார்ச் அடித்து, சுற்றிலும் புள்ளி புள்ளியாக சென்டர் பஞ்ச் அடித்த தடம் இருக்கிறதா பாருங்கள். பேரிங் லூஸாகிப் போனதை மறைக்கச் செய்யும் கைவேலை அது. கேஸைச் சூடாக்கினால்தான் பேரிங் இறங்க வேண்டும். பச்சையாக, கையால் வைத்தவுடன் விழுந்தால் வட்டம் தேய்ந்தது.

கிராங்கும் கியரும்

கிராங்கை எடுத்துக் கனெக்டிங் ராடை நேர்மேலே நிறுத்தி, இரண்டு கையாலும் மேலும் கீழுமாக இழுத்துத் தள்ளுங்கள். கைக்கு ‘டக்’ என்று ஒரு தட்டுப் பட்டாலும் பிக் எண்ட் (ராடின் கீழ்முனை பேரிங்) முடிந்தது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கெட்டியான பழைய ஆயிலும் கரியும் ஆட்டத்தை மறைத்துவிடும் என்பதால், டீசல் ஊற்றி நாலு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். விற்பவர் கிரீஸ் நிறையப் பூசி வைத்திருந்தால் இந்தச் சோதனை கட்டாயம். ராடின் அடிப்பகுதி நீலம் பாய்ந்திருந்தால் ஆயில் இல்லாமல் ஓடிச் சூடேறியது. ராடு கிட் (ராடு, பின், பேரிங் சேர்ந்த செட்) போட்டாலும் கிராங்க் பின் உட்காரும் துளையையும் பார்க்க வேண்டும்.

ஆட்டம் இருக்கும் கிராங்கைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. இரண்டு பக்க வெயிட்டும், டேப்பரும் (கூம்பு நுனி), மரையும், கீ வேயும் (சாவித்துண்டு உட்காரும் பள்ளம்) நன்றாக இருந்தால் ராடு கிட் மாற்றி அலைன்மென்ட் பார்த்துக்கொள்ளலாம். மேக்னட் உட்காரும் டேப்பரில் வரி வரியாகக் கீறல் இருந்தாலோ, கீ வே அகன்று போயிருந்தாலோ விட்டுவிடுங்கள்: மேக்னட் நழுவி டைமிங் மாறிக்கொண்டே இருக்கும், கிக்கர் திருப்பி அடிக்கும்.

புல்லட் கிராங்கில் இன்னொன்று. டைமிங் பக்கத்தில் ஆயில் பம்பைச் சுழற்றும் வோர்ம் நட்டுக்கு இடது மரை. அது தெரியாமல் வழக்கமான திசையில் நீட்டு ஸ்பேனர் போட்டு முறுக்கிய கிராங்குகள் சந்தைக்கு வரும். அந்த நுனியில் மரையை டார்ச் வைத்துப் பார்த்து, வோர்ம் கூடவே இருந்தால் கையால் இடப்பக்கமாகத் திருகி ஏறுகிறதா சோதியுங்கள்.

கியரில் பல்லைவிட முக்கியம் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் டாக். ஓடும்போது கியர் நழுவி நியூட்ரலுக்கு வருவது பெரும்பாலும் டாக் மூலை உருண்டதால். மூலை கூர்மையாக, முகம் தட்டையாக இருக்க வேண்டும். பல்லின் முகத்தில் அம்மைத்தழும்பு போலப் பள்ளம் விழுந்திருந்தால் மேல்தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. பல் எண்ணிக்கையை எண்ணியே வாங்குங்கள். ஒரு பல் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஜோடி கியரோடு வைக்கும்போதுதான் தெரியும்.

மரை: இரண்டு சுற்று ஏறிவிட்டால் நம்பிவிடாதீர்கள்

புல்லட்டின் வேர் இங்கிலாந்து. அதில் அங்குல மரைகள் பல வகை கலந்து கிடக்கும். 5/16 அங்குல பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் நெருக்கமரை) போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., அங்குலத்துக்கு 22 மரை, அதாவது மரைக்கு மரை சுமார் 1.15 மி.மீ. நம் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் எம்8 போல்ட்டுக்கு விட்டம் 8, மரை இடைவெளி 1.25. எம்8-ஐ பி.எஸ்.எஃப். துளைக்குள் போட்டால் இரண்டு மூன்று சுற்று ஏறும். அப்புறம் இறுகும். ‘துரு, இன்னும் கொஞ்சம் முறுக்கு’ என்று முறுக்கினால் அலுமினிய கேஸின் மரை மொத்தமும் சுருளாக வெளியே வரும். அதே 5/16-ல் பி.எஸ்.டபிள்யூ. (பிரிட்டிஷ் அகலமரை) என்றால் அங்குலத்துக்கு 18 மரைதான். ஜாவா, யெஸ்டி, யமஹா மெட்ரிக் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது கேஸில் உள்ள ஒவ்வொரு மரைத் துளையிலும் சரியான போல்ட்டைக் கையால் மட்டும் திருகிப் பாருங்கள். ஹெட்டில் பிளக் மரையைச் சோதிக்கத்தான் புதுப் பிளக்: 14 மி.மீ., 1.25 மரை. விரலால் அடிவரை ஏற வேண்டும். ஏறிய பிறகு பக்கவாட்டில் ஆடினால் மரை தேய்ந்தது. ஹெலிகாயில் (துளைக்குள் செருகும் மரைச்சுருள்) போட்டால் சரியாகும், ஆனால் அந்தக் கூலியை விற்பவர்தான் விலையில் விட்டுத் தர வேண்டும்.

கார்புரேட்டர், மேக்னட், காயில்

கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் முகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் அமுக்கிப் பிடித்து, ஓரத்தில் 0.05 ஃபீலரை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் முகம் வளைந்தது. கசிவை நிறுத்த இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்கியே பலர் இதை வளைத்துவிடுவார்கள். லேசான வளைவை, கண்ணாடி மேல் எமரி தாள் ஒட்டித் தேய்த்துச் சரிசெய்யலாம். ஸ்லைடை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். தட்டுகிறது என்றால் ஸ்லைடை மட்டும் புதிதாகப் போட்டுப் பயனில்லை, பாடியும் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்ட கார்புரேட்டரில் ஐட்லிங் ஒருபோதும் நிற்காது, என்ன டியூனிங் செய்தாலும். ஜெட்டின் எண்ணைப் படியுங்கள், ஆனால் நம்பாதீர்கள்: கம்பி விட்டுக் குடைந்த ஜெட்டுக்கு எண் மாறாது. ஜெட் புதிதாகக் கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

மேக்னட் வீலில் காந்தம் தளர்ந்துபோயிருக்கலாம். ஒரே மாதிரி இரண்டு வீல் கிடைத்தால் இரண்டிலும் ஒரே ஸ்பேனரை ஒட்டிப் பிடுங்கி, எது விடாமல் இழுக்கிறதோ அதை எடுங்கள். புல்லர் மாட்டும் மரை நன்றாக இருக்க வேண்டும். சுத்தியால் அடித்துக் கழற்றிய வீலின் விளிம்பில் தழும்பு இருக்கும், நடுக்குமிழ் ரிவெட்டும் ஆடும். இக்னிஷன் காயிலை மல்டிமீட்டரில் பார்க்கலாம். 12 வோல்ட் பாயிண்ட் வண்டிக் காயிலில் பிரைமரி சுமார் 3 முதல் 4 ஓம் காட்டும், செகண்டரி பல ஆயிரம் ஓம். இந்தச் சோதனையில் தேறியும் கெட்ட காயில்கள் உண்டு: குளிர்ந்திருக்கும்போது ஸ்பார்க் கொடுத்து, சூடானதும் உள்ளே இன்சுலேஷன் விட்டு அணைந்துவிடும். அதனால் காயிலைப் பழசில் வாங்குவதை ஷோ வண்டிக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஓட்டும் வண்டிக்குப் புதுசு.

ஆயில் எஞ்சின் சாமான்

கிணற்றுப் பாசனம் அதிகமிருந்த உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் பழைய மோட்டார் ரூம்களில் டீசல் எஞ்சின்கள் இன்னும் கிடக்கின்றன. 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு கரண்ட் மோட்டார் முந்திக்கொள்ள, எஞ்சின் ஓரத்துக்குப் போனது. இரண்டு குடும்பம்தான் பெரும்பாலும் கண்ணில் படும். ஒன்று கிர்லோஸ்கர் ஏ.வி.1 வகை: 5 குதிரைத்திறன், நிமிஷத்துக்கு 1500 சுற்று, போர் 80, ஸ்ட்ரோக் 110 மி.மீ. இன்னொன்று இங்கிலாந்தின் டர்ஸ்லியில் செய்த லிஸ்டரைப் பார்த்து ராஜ்கோட்டில் வார்த்த மெதுவேக எஞ்சின்: 6 குதிரைத்திறன், 650 சுற்று, போர் 114.3, ஸ்ட்ரோக் 139.7 மி.மீ. லிஸ்டர் நகல்களைப் பல பட்டறைகள் வார்த்ததால், ஒன்றின் புஷ்ஷும் வால்வு கைடும் இன்னொன்றுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்கக் கூடாது. மேலே வார்த்திருக்கும் பெயரைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள்.

லைனரை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினில் வெளிச்சுவர் பொத்தல் பொத்தலாக அரித்திருக்கும். உள்ளே கண்ணாடி போல இருந்தாலும் அது வேண்டாம். ஃப்யூவல் பம்பின் பிளஞ்சரும் பேரலும் ஒன்றுக்கொன்று தேய்த்துச் சேர்த்த ஜோடி, தனித்தனியாக வாங்கினால் இரண்டும் கழிவு. இரண்டையும் சுத்தமான டீசலில் கழுவி, பேரலின் துளைகளை விரலால் அடைத்துப் பிளஞ்சரைப் பாதி இழுத்து விடுங்கள். தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போனால் உயிருண்டு. தளர்ந்து நின்றால் எஞ்சின் சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. நாசிலைக் கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, பம்புக் கடை டெஸ்டரில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஃப்ளைவீலில் கீ வே மூலையிலிருந்து விரிசல் கிளம்பும், அங்கே விபூதிச் சோதனை செய்யாமல் வாங்கவே கூடாது. ஓடும் வேகத்தில் அது பிளந்தால் மோட்டார் ரூம் சுவர் தாங்காது.

கிராமத்தில் வாங்குவதென்றால் எஞ்சினை முழுசாகப் பேசுங்கள். ‘பம்பு மட்டும் கொடுங்க’ என்றால் மிச்சத்தை என்ன செய்வதென்று வீட்டுக்காரர் யோசிப்பார். முழு எஞ்சினையும் எடை விலைக்கு எடுத்து, வேண்டியதைக் கழற்றி, மிச்சத்தை இரும்புக் கடையில் போட்டால் வண்டி வாடகை போக லாபமாகவே முடியும்.

பேரம்

விலையைக் கேட்ட பிறகே வெர்னியரை வெளியே எடுங்கள். முதலில் எடுத்தால், ஆள் தெரிந்தவர், தேவை இருக்கிறது என்று விலை ஏறும். விலை சொன்ன பிறகு அளந்தால் ஒவ்வொரு குறையும் உங்கள் பக்கம் பேசும். “அண்ணே, போர் சைஸ் முடிஞ்சிருச்சு, லைனர் போடணும், பாத்துச் சொல்லுங்க” என்றால் போதும். நீங்கள் சொல்வது சரியென்று அவருக்கும் தெரியும். சாமானைத் தரக்குறைவாகப் பேசாதீர்கள், அடுத்த வாரமும் அதே தார்ப்பாய்க்குத்தான் போக வேண்டும். எடைக் கணக்கில் அந்த உருப்படி என்ன தேறும் என்று மனதில் போட்டுக்கொண்டு பேசினால் எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். அவர் வாங்கியது அந்தக் கணக்கில்தான்.

‘போட்டுப் பார்த்து வேண்டாம்னா திருப்பிக் கொண்டாங்க’ என்பது சில தெரிந்த கடைகளில் உண்மை, தரைக்கடையில் பேச்சு. நம்பி விலையைக் கூட்டாதீர்கள்.

எண் பொறித்த கேஸ் என்றால்

எஞ்சின் நம்பர் உள்ள கிராங்க் கேஸை ஆர்.சி. நகலும் விற்றவரின் எழுத்தும் இல்லாமல் வாங்கக் கூடாது. திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படிச் சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆவது பிரிவில் குற்றம். எண் இருக்கும் மேடையை விரலால் தடவுங்கள். சுற்றியுள்ள வார்ப்பைவிடத் தாழ்ந்தோ, வழவழவென்றோ, எழுத்துகள் ஏற்ற இறக்கமாகவோ இருந்தால் அரைத்து அடித்திருக்கிறார்கள். எண்ணில்லாத வெற்றுக் கேஸ் மலிவாகக் கிடைத்து, அதில் உங்கள் பழைய எண்ணை அடித்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது வண்டியையே உள்ளே வைத்துவிடும். முறையாக எஞ்சின் மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

துருப்பிடித்த இரும்புச் சாமானுக்குச் சலவைச் சோடா போதும். பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா கரைத்து, 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவை உருப்படியிலும் பாசிட்டிவை ஒரு பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டி, இரண்டும் தொடாமல் தண்ணீரில் இறக்குங்கள். ஒரு இரவில் துரு கறுப்புச் சேறாகி உதிரும். ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த இடத்தில் வையுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. தகடாக ஸ்டெயின்லெஸ் போடாதீர்கள், குரோமியம் தண்ணீரில் கலந்து விஷமாகும். அலுமினியச் சாமானை இந்த வாளியில் போடவே கூடாது, சோடா அதைத் தின்றுவிடும். வெளியே எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே ஆயில் பூசுங்கள். ஒரு மணி நேரம் விட்டால் மஞ்சள் துரு திரும்ப வந்துவிடும்.

இறுகிப்போன பிஸ்டனின் தலையில் சுத்தியால் அடிக்காதீர்கள். பேரலைத் தலைகீழாகவும் நேராகவும் மாற்றி மாற்றி வைத்து டீசல் ஊற்றி நாலைந்து நாள் விட்டு, பிஸ்டன் அளவுக்குக் கடைந்த மரக்கட்டையை வைத்துத் தட்டினால் இளகும். வராவிட்டால் வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, மறுபடி டீசல். பித்தளை ஜெட்டும் மிதவைச் சாமானும் புளிக்கரைசலில் பளிச்சென்று ஆகும்; துளைக்குள் கம்பி விடாமல் நைலான் பிரஷ் நார் ஒன்றைப் பிடுங்கி விடுங்கள். சுத்தம் செய்த ஒவ்வொரு உருப்படியையும் ஆயில் தோய்த்த செய்தித்தாளில் சுற்றி, எந்த வண்டி, போர் அளவு எவ்வளவு, எத்தனை சைஸ் மிச்சம், என்ன வேலை பாக்கி என்று ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து 70.50 பேரலையும் 70.75 பேரலையும் பார்த்துப் பிரிக்க யாராலும் முடியாது.